நான் போட்ட முதல் வெட்டு

ஒன்பதாம் வகுப்புப் புவியியலில், ஓடும் நீர் நிலத்தை என்ன செய்கிறது என்று ஒரு பாடம் வரும். இருபது வருடத்துக்கு மேலாக நடத்திக்கொண்டிருக்கிறேன். கரும்பலகையில் முதலில் ஆங்கில 'வி' எழுத்தைப் பெரிதாகப் போடுவேன். மலையில் ஓடும் இளம் ஆறு வெட்டிய பள்ளத்தாக்கு அது. பக்கத்திலேயே இன்னும் ஒடுக்கமாக, இரண்டு சுவரும் செங்குத்தாக நிற்கும்படி இன்னொன்று வரைவேன். அதுதான் கேன்யன். ஆழ்பள்ளத்தாக்கு என்று தமிழிலும் சொல்லிக் கொடுப்பேன். பிள்ளைகளுக்கு இரண்டு பெயரும் ஒன்றுதான். தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்த பிள்ளை மேடு என்று கண்டதெல்லாம் ஆற்றங்கரையும் ரயில்வே மேம்பாலமும்தானே.

இது உண்டாக எத்தனை வருடம் ஆகும் என்று வருடா வருடம் யாராவது ஒரு பிள்ளை கேட்கும். பல லட்சம் வருடம் என்பேன். பாறையை நீர் மட்டும் அறுக்காது, நீர் உருட்டிக்கொண்டு வரும் கல்லும் மணலும் சேர்ந்து அறுக்கும், முதலில் ஆழம் போகும், அப்புறம் சுவர்கள் சரிந்து அகலம் போகும் என்று விளக்குவேன். கடைசியில் என் வழக்கமான வசனம் ஒன்று உண்டு. "நம்ம ஆறு தோண்டுற ஆறு இல்ல. கொண்டாந்து கொட்டிட்டுப் போற ஆறு. அதனால யாரும் பயப்பட வேணாம்." வகுப்பு சிரிக்கும். நானும் சிரிப்பேன். அந்த வசனத்தை நினைத்தால் இப்போது என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

என் அண்ணனுக்குக் கொள்ளிடக்கரையில் மூன்று மா நிலம் இருந்தது. மூன்று மா என்றால் ஏறக்குறைய ஒரு ஏக்கர். ஊருக்குள் வெள்ளம் வராமல் தடுக்கப் பெரிய மண்கரை போட்டிருப்பார்கள். அந்தக் கரைக்கும் ஆற்றுக்கும் இடையில் கிடக்கிற வண்டல் நிலத்தைப் படுகை என்போம். வெள்ளம் வந்தால் முதலில் முழுகுவது படுகைதான். அதனால்தான் அது எங்களுக்குக் கிடைத்தது. அப்பாவும் அம்மாவும் ஆயுள் முழுக்க அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்தவர்கள். கரைக்கு உட்புறம் இருக்கிற நல்ல நஞ்சையை எங்கள் தெருக்காரர்களுக்கு விற்க அப்போது யாருக்கும் மனம் வராது. படுகையில் ஒருவர் வெள்ளத்துக்குப் பயந்து விற்றார். அப்பா யோசிக்காமல் வாங்கினார். எங்கள் வம்சத்தில் பட்டா என்று ஒரு காகிதம் வந்தது அதுதான் முதல் தடவை.

பத்திரத்தை அண்ணன் பெயரில் எழுதினார்கள். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். நான் படிக்கவேண்டும் என்பதற்காக எட்டாம் வகுப்போடு நின்றவர். நிலம் அவருக்கு, படிப்பு எனக்கு என்று யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. அப்படி ஆகிவிட்டது. நான் பட்டம் வாங்கி, டீச்சராகி, தஞ்சாவூரில் வீடு கட்டிக் குடியேறினேன். அண்ணன் படுகையில் பூவன் வாழை போட்டு, இலை அறுத்து, கட்டுக் கட்டாக மண்டிக்கு அனுப்பினார். அண்ணியும் அவரும் விடியற்காலை ஈரத்தில் நின்று இலை அறுப்பார்கள். அந்த நிலத்தில் அவர்கள் கால் படாத நாள் தீபாவளியும் பொங்கலும்தான். பொங்கலன்றுகூட அண்ணன் ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார்.

இங்கே என் கையைப் பற்றிச் சொல்லவேண்டும். அந்த நிலம் வாங்கிய வருடம் முதல் வாழைக்கட்டையை என்னை ஊன்றச் சொன்னார் அப்பா. நான் அப்போது பள்ளிக்கூடப் பெண். அந்த வருடம் வெள்ளமும் வரவில்லை, காற்றும் அடிக்கவில்லை. குலை ஒவ்வொன்றும் அண்ணன் இடுப்பு உயரத்துக்குத் தொங்கியது. அன்றோடு எனக்குக் கைராசிக்காரி என்ற பட்டம் வந்துவிட்டது. நடவு என்றால் முதல் கட்டை என் கையால். போர்வெல் போட்டால் பூசைக்குத் தேங்காய் என் கையால். மோட்டார் கொட்டகைக்கு முதல் செங்கல் என் கையால். அப்பா போன பிறகும் அண்ணன் இதை விடவில்லை. அரை நாள் லீவு போட்டுவிட்டு வா பாப்பா என்று போன் வரும். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. வாழை நன்றாக வருவது வண்டலால் என்று அவரிடமே சொல்லுவேன். அவர் சிரித்துக்கொண்டே கட்டையை என் கையில் கொடுப்பார். வெளியில் கேலி பேசினாலும் உள்ளுக்குள் எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. எனக்காகப் படிப்பை விட்டவருக்கு நான் திருப்பிக் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான் என்று தோன்றும்.

நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது படுகையிலிருந்து ஆற்றுக்குள் இறங்குவது வாசற்படி இறங்குகிற மாதிரி. முழங்கால் உயரம்தான். அப்புறம் மணல் அள்ள ஆரம்பித்தார்கள். லாரிகள் ஆற்றுக்குள்ளேயே வரிசை கட்டி நின்றன. இப்போது ஆறு எங்கேயோ கீழே கிடக்கிறது. மேலே நின்று பார்த்தால் இரண்டு ஆள் ஆழம். படுகை அப்படியே இருக்க, ஆறு மட்டும் இறங்கிவிட்டது. லாரிக்காரர்களைத் திட்டிக்கொண்டே இருப்பதில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. என் தஞ்சாவூர் வீடும் அந்த மணலில் எழுந்ததுதான். மணல் வந்து இறங்கிய அன்று, நல்ல மணல், மண் கலப்பே இல்லை என்று கொத்தனார் பாராட்டினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

படுகை பார்க்கத்தான் மட்டமாக இருக்கும். உண்மையில் ஆற்றோரம் கொஞ்சம் மேடு, கரைப்பக்கம் கொஞ்சம் பள்ளம். ஒவ்வொரு வெள்ளமும் வழியும்போது கனமான மண்ணை ஓரத்திலேயே போட்டுவிடுவதால் அப்படி. ஆகவே மழைத் தண்ணீர் ஆற்றுக்குப் போகாமல் உள்ளே கரையடியில் வந்து தேங்கும். அதை வடிக்கக் கரையடியிலேயே ஒரு வடிகால் கிழக்கே போய், ஏழெட்டு பேர் நிலத்தைத் தாண்டி, வெகுதூரம் சுற்றி ஆற்றில் விழும். மெதுவாகத்தான் வடியும். நேராக ஆற்றோர மேட்டை வெட்டி விட்டால் சீக்கிரம் வடியுமே என்று யாரும் நினைத்ததில்லை. வெட்டினால் ஆறு உள்ளே வந்துவிடும். ஆறு உயரத்தில் இருந்த காலத்து நியாயம் அது.

ஒரு வருடம் ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. வடிகாலில் கிழக்கே யாரோ மண்ணைத் தள்ளி அடைத்து வாழை போட்டிருந்தார்கள். அண்ணன் தோட்டத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். வாழைக்குக் காலில் தண்ணீர் நின்றால் அவ்வளவுதான், வேர் அழுகிவிடும். கிழக்கே இருப்பவரோடு பேசிப் பார்த்தார், அது சண்டையில் முடிந்தது. நான்காம் நாள் மழை விட்டதும் எனக்குப் போன் செய்தார். வந்து பார்த்து ஒரு வழி சொல்லு, நீதான் இதெல்லாம் படிச்சவ என்றார். பஸ் பிடித்துப் போனேன்.

தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தேன். ஆற்றோர மேட்டில் ஏறி நின்றேன். கீழே, வெகு கீழே, மணல் போன ஆறு செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவு பள்ளத்தை வைத்துக்கொண்டு எதற்குக் கிழக்கே சுற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதை அப்படியே சொன்னேன்.

"நேரா ஆத்துல விட்டுடுண்ணே. ஆறுதான் கீழ கெடக்கே, இனிமே எங்கேர்ந்து உள்ள வரும்? பத்துப் பன்னெண்டு அடி வெட்டுனா ஒரு மணி நேரத்துல வடிஞ்சிரும்."

அண்ணன் மேட்டைக் காலால் அழுத்திப் பார்த்தார். ஆற்றோரத்தில் கைவைக்கக் கூடாதென்று அப்பா சொல்லுவார் என்றார். அப்பா காலத்து ஆறு வேறு, இது வேறு என்றேன். அவருக்கு அது சரியாகப் பட்டது. மண்வெட்டியை எடுத்து வந்தார். வழக்கப்படி என்னிடம் நீட்டினார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, மேட்டின் உச்சியில் முதல் வெட்டை நான் போட்டேன். மழையில் ஊறிய வண்டல். மண்வெட்டி வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. மீதியை அண்ணனும் இரண்டு ஆட்களும் வெட்டினார்கள்.

தண்ணீர் மெதுவாகத் தலையை நீட்டி, மேட்டைத் தாண்டியதும் ஓவென்று கீழே கொட்டியது. சொன்ன மாதிரியே சீக்கிரம் வடிந்தது. வாழை பிழைத்தது. அந்தத் தை மாதம் அண்ணன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார், பாப்பா கை வெச்சா வீண் போகாது என்று. நானும் பஸ்ஸில் திரும்பும்போது நினைத்துக்கொண்டேன், படிப்பு என்பது இதற்காவது பயன்பட்டதே என்று.

சரிவு கூடினால் நீரின் வேகம் கூடும், வேகம் கூடினால் அறுக்கும். இது நான் வருடா வருடம் சொல்லிக் கொடுப்பது. அருவி விழுகிற இடத்தில் அடியைக் குடையும், அடி குடைந்தால் மேலே இருக்கிற விளிம்பு இடிந்து விழும், விளிம்பு இடிய இடிய அருவி பின்னோக்கி நகரும். இதையும் படம் போட்டு விளக்கியிருக்கிறேன், அம்புக்குறி எல்லாம் போட்டு. பரீட்சையில் ஐந்து மதிப்பெண் கேள்வி. மேட்டில் நின்ற அந்த நேரத்தில் இவற்றில் ஒன்றுகூட எனக்கு நினைவுக்கு வரவில்லை. டெல்டாக்காரியின் பயம் எல்லாம் தண்ணீர் நிற்பதைப் பற்றித்தான். ஓடுகிற தண்ணீரைப் பற்றிப் பயப்பட எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் சொல்லித் தருவதுதானே என் வேலை.

அடுத்த வருட மழைக்குப் போனபோது வெட்டிய வடிகாலின் வாயில் ஒரு ஆள் நின்றால் தலை தெரியாத பள்ளம் இருந்தது. அகலம் அதிகமில்லை, கையை விரித்தால் இரண்டு பக்கமும் தொடலாம். அதன் தலைப்பில், தோட்டத்துத் தண்ணீர் உள்ளே விழுகிற இடத்தில், சின்னதாக ஒரு அருவி. கரும்பலகையில் நான் போடுகிற படம் அப்படியே நின்றது. அண்ணனுக்கு அது புரியவில்லை. கொஞ்சம் மண் போயிருக்கு, மூடிவிடலாம் என்றார்.

மூடினோம். அதாவது மூடப் பார்த்தோம். மண்ணை வெட்டிப் போட்டோம், அடுத்த மழையில் போனது. தென்னை மரத்தைக் குறுக்கே போட்டோம், தண்ணீர் மரத்துக்கு அடியில் வழி கண்டது. தலைப்பில் மணல் மூட்டை அடுக்கலாம் என்று நான்தான் சொன்னேன். மணலுக்கு எங்கே போவது? ஆற்றங்கரையில் நின்றுகொண்டு கடையிலிருந்து எம்-சாண்ட் என்கிற கல்மணலை வாங்கி மூட்டை கட்டினோம். அண்ணி அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். அந்தத் தோட்டத்தில் நான் கேட்ட கடைசிச் சிரிப்பு அதுதான். மூட்டைகளும் கார்த்திகையில் போய்ச் சேர்ந்தன.

வெட்டின வாயை அடைத்தாலும் பயனில்லை. பள்ளம் ஒன்று உண்டாகிவிட்டால் சுற்றுப்பக்கத் தண்ணீரெல்லாம் அதைத் தேடிக்கொண்டு வரும். அண்ணன் பள்ளத்தின் தலைப்பில் ஒரு மூங்கில் குச்சி நட்டு வைத்தார். மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தால் குச்சி இருக்காது. பின்னால் தள்ளி இன்னொன்று நடுவார். ஒவ்வொரு குச்சியையும் போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். கீழே ஒரு வரிகூட எழுதமாட்டார். பள்ளியில் இடைவேளையில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது போன் அதிரும். எடுத்துப் பார்ப்பேன். குச்சி, பின்னால் வாழை, முன்னால் ஒன்றுமில்லை.

இரண்டாம் வருட மழையில் ஆழம் நின்றது. ஆற்றின் மட்டத்தைத் தொட்டுவிட்டது, அதற்குமேல் போக இடமில்லை. அண்ணன் நிம்மதியாகி, இனிமேல் போகாது போலிருக்கிறது என்றார். எனக்குத் தெரியும், இனிமேல்தான் அகலம் போகும் என்று. சொல்லவா வேண்டாமா என்று தவித்துவிட்டுச் சொல்லவில்லை. சுவர்கள் விரிசல் விட்டுக் கதவு அளவுக்குத் துண்டு துண்டாகச் சாய்ந்தன. வாழையோடு சாய்ந்தன. விழுந்த மரம் பள்ளத்துக்குள் கிடந்தபடியே குருத்து விட்டதை ஒரு தடவை பார்த்தேன். அதைப் பார்த்துவிட்டு அண்ணன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பாறையில் பல லட்சம் வருடம் நடப்பது எங்கள் வண்டலில் நாலு மழைக்காலத்தில் நடந்தது.

ஒரு சித்திரையில், பள்ளம் காய்ந்து கிடந்தபோது, உள்ளே இறங்கிப் போனேன். அண்ணன் கூட வரவில்லை. இரண்டு பக்கமும் என்னைவிட உயரமான சுவர். வெயிலில் காய்ந்து சுத்தமாக அறுத்து வைத்தது போல இருந்தது. ஒரு பட்டை கருப்பு வண்டல், ஒரு பட்டை வெள்ளை மணல், மறுபடி வண்டல், நடுவில் நத்தை ஓடுகள், ஓரிடத்தில் ஒரு சட்டித்துண்டு. ஒவ்வொரு பட்டையும் ஒரு வெள்ளம். அந்த நிலம் எத்தனை தலைமுறை வெள்ளத்தால் அங்குலம் அங்குலமாகச் சேர்ந்தது என்று அந்தச் சுவர் காட்டியது. உச்சியில் மட்டும் ஒரு முழத் தடிமனுக்கு நிறம் வேறு, வேர் நிறைந்து, உரமேறிக் கறுத்திருந்தது. அண்ணனும் அண்ணியும் உழுது, குப்பை போட்டு, கொத்திப் பண்படுத்திய மண் அது. எங்கள் குடும்பத்தின் மொத்த உழைப்பும் அந்த ஒரு முழம்தான். சரிந்து கிடந்த மண்மேல் ஏறிக் கையை உயர்த்தினால் விரல் நுனிக்கு எட்டியது. தொட்டேன், பொலபொலவென்று என் முகத்தில் உதிர்ந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மேலே யாருக்கும் கேட்டிருக்காது.

மனு எழுதினேன். எழுதுவதுதானே எனக்கு வரும். ஆற்றின் அடிமட்டம் தாழ்ந்ததால் பட்டா நிலம் அரிக்கப்படுகிறது, தடுப்புச் சுவர் கட்டித்தர வேண்டும் என்று சுத்தமான தமிழில், படம் வரைந்து, அம்புக்குறி போட்டு. மூன்று அலுவலகம் அலைந்த பிறகு ஒரு அதிகாரி பார்வையிட வந்தார். மரியாதையான மனிதர். பள்ளத்தை முழுக்கச் சுற்றி நடந்தார். ஆற்றோர மேட்டில், வாய்ப்பக்கம், வெகுநேரம் நின்றார். அங்கே இன்னமும் மண்வெட்டி வெட்டிய நேர்கோடு ஒரு பக்கம் மிச்சமிருந்தது. இயற்கை நேர்கோடு போடாது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்திருந்தது.

"ஆத்தங்கரையை யாருங்க வெட்டுனது?" என்று கேட்டார்.

நான் நாலடி தள்ளிக் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கரையை வெட்டுவது குற்றம் என்பது அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. அரசாங்க சம்பளம் வாங்குகிறவள் நான். கேஸ் என்று ஒன்று வந்தால் வேலைக்கு என்ன ஆகும், பென்ஷனுக்கு என்ன ஆகும் என்று மனம் ஓடிய வேகத்தை இப்போது நினைத்தாலும் அசிங்கமாக இருக்கிறது. அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நான்தாங்க வெட்டுனேன். தெரியாமப் பண்ணிட்டேன்."

யாராவது சொல்லிக் கொடுத்தார்களா என்று அவர் கேட்டார். இல்லீங்க, எனக்கே தோணுச்சு என்றார் அண்ணன். அதிகாரி எழுதிக்கொண்டார். வயதான மனிதர், அறியாமல் செய்தது, அதனால் கேஸ் எல்லாம் போடவில்லை, ஆனால் சொந்தக்காரரே வெட்டியதால் வந்த அரிப்பு என்று எழுதினால் தடுப்புச் சுவர் கிடைக்காதுங்க என்று வருத்தமாகவே சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. நான் பேசியிருந்தாலும் சுவர் கிடைத்திருக்காது, பழி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாறியிருக்கும், அவ்வளவுதான். நூறு தடவை இதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். கணக்கு சரியாகத்தான் வருகிறது. அதனால் எனக்கு ஒரு நாள் தூக்கம்கூடக் கூடுதலாகக் கிடைத்ததில்லை.

அவர் போன பிறகு அண்ணனிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அண்ணி மோர் கொண்டுவந்தார். அண்ணன் குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எனக்கு நினைவுபடுத்தினார். நான் கிளம்பினேன்.

அடுத்த ஆடியில் மேட்டூர் நிரம்பி உபரித் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். கொள்ளிடம் இரண்டு கரையும் தொட்டு ஓடியது. தண்ணீர் ஏறும்போதுகூட நிலம் தாங்கியது. திறப்பைக் குறைத்து ஆறு சட்டென்று இறங்கியபோதுதான் எல்லாம் போனது. ஊறிய சுவர்களுக்கு அதுவரை முட்டுக் கொடுத்தது அந்த வெள்ளம்தான். அது விலகியதும் தோட்டம் பாளம் பாளமாக உட்கார்ந்தது. மோட்டார் கொட்டகை போனது, நான் வைத்த முதல் செங்கலோடு. போர்க் குழாய் மட்டும் மண் போன பிறகும் தனியாக வானத்தைப் பார்த்து நின்றது. வாழை எண்ணி நாற்பது மிஞ்சியிருக்கும். கரையடியில் ஒரு துண்டு நிலம், அகலம் ஒரு மாட்டு வண்டி திரும்புகிற அளவு. கிழக்கே வடிகாலை அடைத்தவருடைய நிலத்துக்குள்ளும் பள்ளம் நுழைந்துவிட்டது. அதில் எனக்கு ஒரு கணம் திருப்தி வந்தது. வந்ததை மறைத்து என்ன ஆகப்போகிறது.

சிட்டாவில் இன்றும் மூன்று மா அண்ணன் பெயரில் இருக்கிறது. கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். சர்வே எண், உட்பிரிவு, எல்லாம் சரியாக இருக்கிறது.

ஒரு வருடம் கழித்து, மாசியில், கரைக்கு உட்புறம் ஒன்றரை மா நிலத்தை அண்ணன் குத்தகைக்கு எடுத்தார். அந்த வயதில் மறுபடி அடுத்தவர் நிலம். அப்பா எங்கிருந்து கிளம்பினாரோ அங்கேயே அண்ணன் போய் நின்றார். குத்தகை பேசி முடிந்ததை போனில் சொன்னார். நடவு என்றைக்கு என்று கேட்டேன். பார்த்துச் சொல்கிறேன் பாப்பா என்றார். நான் லீவுக் கணக்கைப் பார்த்து அரை நாளை எடுத்து வைத்துக்கொண்டேன். நம்பிக்கை இல்லாதவள்தான். ஆனாலும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

போன் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று நானே போனேன். கட்டைகள் ஊன்றி ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. வரிசை பிடித்த மாதிரி இருந்தது, ஒன்றிரண்டில் பச்சை எட்டிப் பார்த்தது. அண்ணி என்னைப் பார்த்ததும் கொஞ்சம் பதறினார். முந்தின வாரம் புதன்கிழமை நல்ல நாளாக இருந்தது, நானே ஊன்றிவிட்டேன், உங்களுக்கு ஸ்கூல் இருக்குமே என்று அவசரமாகச் சொன்னார். அதனால் என்ன அண்ணி என்றேன். அண்ணன் வரப்பில் நின்று வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி முன்னால் எனக்காகப் பொய் சொன்னவர். நாலு மழையிலும் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லாதவர். என் மேல் கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவருக்குக் கோபம் இல்லை. பயம் இருந்தது. வாழ்நாள் முழுக்க ஒரு கையை நம்பியவர், அந்தக் கை கெடுக்கும் என்பதையும் அதே மாதிரிதான் நம்புவார்.

பேச்சை மாற்ற வரிசையில் இறங்கி நடந்தேன். ஒரு கட்டை சாய்ந்திருந்தது. பழக்கத்தில் குனிந்து, நிமிர்த்தி, காலடியில் மண்ணை அணைக்கக் கையை நீட்டினேன். வரப்பிலிருந்து அண்ணன் குரல் வந்தது. அதட்டல் இல்லை, கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

"அதை விடு பாப்பா. நீ கரையில போயி உக்காரு. கையெல்லாம் சேறாயிடும்."

என் கையில் சேறு ஆவதைப் பற்றி அண்ணன் அதற்கு முன் ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. கையை எடுத்துக்கொண்டேன். கரைமேல் ஏறிப் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து ஒரு பக்கம் புதுக் குத்தகை நிலம் தெரிந்தது, மறுபக்கம் அந்தப் பள்ளம் தெரிந்தது. சாய்ந்திருந்த கட்டையை அண்ணி வந்து நிமிர்த்தி, மண் அணைத்து, இரண்டு கையாலும் அழுத்திவிட்டுப் போனார். நான் பஸ் வருகிற வரைக்கும் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.